நாய்களுக்கு அனுமதி இல்லை

அந்த நாயை வரவிடாமல் செய்தவள் நான்தான். நாய்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை வளர்ப்பவளை வரவிடாமல் செய்ய வேறு வழி தெரியவில்லை… அவ்வளவுதான்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

அவள் பெயர் தர்ஷினி. என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓர்ப்படி. நாங்கள் திருச்சிக்காரர்கள், அவள் யாழ்ப்பாணத்துப் பெண். மெல்பனில், டார்னெய்ட்டில், இரண்டு தெரு இடைவெளியில் எங்கள் வீடுகள். அவளுடைய நாய்க்குச் சம்பல் என்று, அவர்கள் ஊர்த் தேங்காய்த் துவையலின் பெயர். பழுப்பு நிற லாப்ரடார். சோபாவில் ஏறிப் படுத்தால் மனிதர்கள் தரையில்தான் உட்கார வேண்டும்.

தர்ஷினி எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? இதை நானே என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவள் செய்த கெடுதல்!

எங்கே சேர்ந்து போனாலும், நான் எழுந்து பல் துலக்குவதற்குள் அவள் எல்லோருக்கும் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தலை வாரி, என்னுடைய ஈரத் துண்டையும் காயப் போட்டிருப்பாள். என் கணவர் ஏப்பம் விட்டுக்கொண்டே சொல்வார்: “தர்ஷினியப் பாரேன்… சத்தமே இல்லாம எல்லாத்தையும் முடிச்சுடுறா.”

பாரேன்! பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிருந்தது.

இந்த நிலையில்தான் பள்ளி விடுமுறை வந்தது. இரு குடும்பமும் படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோம் வண்டி ஆளுக்கொன்று வாடகைக்கு எடுத்து, மலைக்காட்டுக்குள் மூன்று இரவு தங்குவதாக ஏற்பாடு. “எங்க தங்குறதுன்னு நீயே பாத்து முடிவு பண்ணு” என்றார் கணவர். விதி அப்படித்தான் வேலை செய்கிறது… கத்தியைக் குரங்கின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

முதலில் கண்ணில் பட்டது ஓர் ஓடைக்கரை முகாம். சமதளமான புல்வெளி, ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரம், சுடுநீர்க் குளியலறை, நெருப்பு மூட்டிக் குளிர்காய இடம். பதிவுப் பொத்தானை அழுத்தப் போனேன். கீழே ஒரு வரி: ‘உங்கள் நாயையும் அழைத்து வாருங்கள்.’

என் விரல் நின்றது.

சம்பல் இல்லாமல் தர்ஷினி ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஊருக்கே தெரியும். அப்படியென்றால்… நாய் வர முடியாத இடமாக இருந்தால்…?

நீங்கள் நல்லவர்கள், உங்களுக்கு இப்படித் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது! அதன்பின் நான் ஓடையைத் தேடவில்லை, சுடுநீரைத் தேடவில்லை. நாய்களுக்கு அனுமதி இல்லாத முகாம் ஒன்றையே தேடினேன். கண்டுபிடித்தும்விட்டேன். மலை உச்சியில், காட்டு விலங்குகளின் நலன் கருதி நாய்களைத் தடுத்த ஒரு முகாம். அவர்கள் போட்டிருந்த படத்தில் மூடுபனியும் ஒரு மரமும் மட்டுமே தெரிந்தன. அந்தப் பனி எதை மறைக்கிறது என்று புத்தியுள்ள பெண் யோசித்திருப்பாள்.

குடும்பக் குழுவில் செய்தி அனுப்பினேன்: ‘மற்ற இடமெல்லாம் நிறைந்துவிட்டது. இது ஒன்றுதான் கிடைத்தது. நாய்க்கு அனுமதி இல்லையாம். பாவம் சம்பல்!’ கூடவே கண்ணீர் வடிக்கும் பொம்மை முகம் ஒன்று. அந்தப் பொம்மையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சற்று நேரத்தில் தர்ஷினி அழைத்தாள்.

“அக்கா, சம்பலைப் பக்கத்து வீட்டு அங்கிளிட்ட விட்டிட்டு வாறம். பிள்ளையள் ஒண்டா இருக்கோணும் எண்டு ஆசைப்படுதுகள். நீங்களும் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடி எடுத்திருக்கிறியள். நாங்கள் வராம விடுறதே?”

“ஓ… ரொம்ப சந்தோஷம்” என்றேன்.

அந்த முகாமைப் பற்றி என்ன சொல்வேன்! மலை உச்சி என்றார்களே ஒழிய, அது மலையின் சரிவு. வண்டிக்குள் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் ஒரு பக்கமாகவே நின்றது. இரவு முழுவதும் கணவர் என்மீது உருண்டார். நான் சுவர்மீது உருண்டேன். தோசை ஊற்றினால் மாவு கல்லின் ஓரத்துக்கு வழிந்தது. “தோசை, மேப்புல டாஸ்மேனியா தீவு மாதிரி இருக்கும்மா” என்றான் என் மகன்.

கழிப்பறை பள்ளத்தில் இருந்தது. போய்த் திரும்பினால் காலில் அட்டை. முதல் நாள் இரவே, போசம் என்கிற பூனையளவு காட்டு விலங்கு ஒன்று சன்னல் வழியாக நுழைந்து, முறுக்குப் பொட்டலத்தை மரத்துக்குத் தூக்கிப் போய்விட்டது.

“நம்ம சம்பல் இருந்திருந்தா, ஒரே குரைப்புல ஓடியிருக்கும்ணே” என்று பெருமூச்சு விட்டான் கொழுந்தன்.

நான் குனிந்து, இல்லாத அட்டையைக் காலில் தேடினேன்.

தர்ஷினியோ…! அடுப்புக்கு அடியில் பலகைத் துண்டு செருகி மட்டமாக்கினாள். அட்டைக்கு உப்பு எடுத்து வந்திருந்தாள். மறுநாள் காலை அந்தச் சரிவில் வட்டமாகத் தோசை ஊற்றினாள்! “தர்ஷினியப் பாரேன்…” என்று ஆரம்பித்தார் கணவர். அவளை விலக்கப் பார்த்த நானே அவளுக்கு மேடை கட்டிக் கொடுத்திருந்தேன்.

அன்று பிற்பகல் கழிப்பறைப் பக்கம் போனேன். அந்த மலையில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைத்த ஒரே இடம் அதுதான். கதவோரத்தில் தர்ஷினி நின்றிருந்தாள். கையில் கைபேசி. அழுதுகொண்டிருந்தாள்.

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

“சம்பல் வேலி பாஞ்சு ஓடிட்டானாம் அக்கா. நாங்கள் வந்ததில இருந்து ஒண்டும் தின்னேல்லையாம்.”

“கிடைச்சிடும்மா… அழாதே…”

“நாய்தானே எண்டு எல்லாரும் சொல்லுவினம். இவர் வேலைக்குப் போனா நான் அவனோடதான் கதைக்கிறனான். இஞ்ச எனக்கு வேற ஆர் இருக்கினம்?” மூக்கை உறிஞ்சினாள். “உங்களோட இருந்து கதைக்க எனக்குச் சரியான விருப்பம் அக்கா. எப்பிடித் தொடங்கிறதெண்டுதான் தெரியாது. அதுதான் உங்களுக்கு ஏதாவது வேலையாவது செய்து தருவம் எண்டு…”

இடியப்பம், சொதி, தலை வாரியது, என் ஈரத் துண்டு… எல்லாம் அதற்குத்தானா! அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அதைத் தன் பெருமையைப் பறைசாற்றும் முரசடிப்பு என்று நினைத்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்தேன். உள்ளே யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பெரும் சத்தம். அது அடங்குவதற்குள் என் துணிச்சலும் அதோடு போய்விட்டது.

“கிளம்புவோம். இப்பவே” என்றேன்.

மலையிறங்கும் வழியில் அந்த ஓடைக்கரை முகாம் வந்தது. பாதிக்கு மேல் வெறும் புல்! இரண்டு நாய்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தன. கணவர் வேகத்தைக் குறைத்தார்.

“ஏய், இதெல்லாம் நிறைஞ்சிருச்சுன்னு சொன்னியே?”

“இன்னிக்குக் காலி பண்ணியிருப்பாங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!”

டார்னெய்ட் தெருக்களில் “சம்பல்! சம்பல்!” என்று கூவிக்கொண்டு நடந்தோம். ஒரு பஞ்சாபி அம்மாள் வாசலுக்கு வந்து, என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தொண்டை கட்டியபின்தான், என் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத் தேடலாம் என்று திரும்பினோம்.

என் வாசல் கால்மிதியில் படுத்திருந்தது சம்பல். தலைக்கு என் செருப்பு ஒன்று. மற்றொன்றின் வார் அதன் வாயில்.

தர்ஷினி அதைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பாத்தியளோ அக்கா! பயந்தவுடன உங்களிட்டத்தான் ஓடி வந்திருக்கிறான்.”

அன்றிலிருந்து பிறந்தநாள் விழாவிலும் கோயில் அன்னதானத்திலும் அவள் சொல்லாத ஆள் இல்லை: “எங்கட அக்கா சம்பலுக்காகப் பயணத்தையே விட்டிட்டு வந்தவ.” எல்லோரும் என்னைக் கனிவோடு பார்க்கிறார்கள். நான் பாயசத்தைப் பார்க்கிறேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இப்போது சனிக்கிழமைகளில் அவள் வருகிறாள். தேநீரோடு மணிக்கணக்காகப் பேசுகிறோம். என் கணவரின் ‘பாரேன்’ஐ அவள் அப்படியே நடித்துக் காட்டுகிறாள்… எனக்கு வயிறு வலிக்கும் வரை சிரிப்பு வருகிறது. அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது! பிடிக்காதவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். பிடித்தவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தச் சனிக்கிழமைகள் போய்விடுமே…

போன வாரம் அவர்கள் யாழ்ப்பாணம் புறப்பட்டார்கள். நாயை என்னிடம் கொண்டுவந்து விட்டாள்.

“தர்ஷினி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“சொல்லுங்கோ அக்கா.”

சம்பல் என்னை நிமிர்ந்து பார்த்தது. அவளும் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே நம்பிக்கை.

“இவன்… ராத்திரி எங்கம்மா படுப்பான்?”

“உங்கட காலுக்கு மேலதான் அக்கா. பிடிச்ச ஆக்களிட்ட மட்டுந்தான் அப்பிடிப் படுப்பான்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அப்படித்தான் படுத்திருக்கிறது. குறட்டை வேறு. என் இரண்டு பாதங்களும் மரத்துப்போய்விட்டன.

நகர்த்த வேண்டும்… நகர்த்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது, சொல்லுங்கள்!