முழங்கால் உயரத்தில் காலண்டர்

சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்குச் சீருடை தைப்பவள் என் அண்ணி. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் வைக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு வாய் குறைவு, கண் அதிகம் என்று அவள் சொல்வாள்.

சுரங்கம் வருவதற்கு முன் என் அண்ணன் வெளியூரில் வேலை பார்த்தான். எப்போதாவதுதான் லீவு கிடைக்கும். அப்படி ஒருமுறை வந்தபோது அவன் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காரு" என்றாள். அண்ணன் சிரித்தான். ஆனால் அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி அதை மறக்கவே இல்லை.

பிறகு தெருவுக்கு அப்பால் இருந்த குன்றைத் தோண்டத் தொடங்கினார்கள். வெளியூர் போயிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. பஸ் எங்கள் தெருமுனை வரை வந்தது. அண்ணிக்குத் தையல் வேலை கிடைத்தது, அண்ணனுக்குப் பாறையில் துளை போட்டு வெடி வைக்கும் வேலை.

மதியம் வெடிப்பார்கள். சங்கு ஊதியதுமே அண்ணி மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். அதிர்வில் ஊசி துள்ளினால் துணி பாழாகிவிடும். மற்ற வீடுகளில் பாத்திர அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெடித்து ஓய்ந்ததும் மூக்குக்கண்ணாடி போட்டதால் நாங்கள் கண்ணாடிக்காரி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உன் வீட்டுக்காரர் கூப்பிடுறாரு, என்னன்னு கேளு" என்பாள். அவள் கணவரும் அதே வேலையில்தான் இருந்தார். அண்ணியும் விடமாட்டாள். "கூப்பிட்டது உன்னோட ஆளுடி. என்னோடது இவ்வளவு கத்தாது."

சுரங்கம் எங்கள் பக்கம் நெருங்க நெருங்க, மிஷினுக்குப் பின்னால் சுவரின் அடியில் ஒரு விரிசல் விழுந்தது. அண்ணி அதன் குறுக்கே வெட்டுத்துணி ஒன்றைப் பசை தடவி ஒட்டினாள். கொஞ்ச நாளில் அது நடுவில் கிழிந்தது. அதன் மேல் இன்னொன்று ஒட்டினாள். சுவருக்கும் தையலா என்று அண்ணன் கேலி செய்ததற்கு, பிரிந்தால் தெரிய வேண்டாமா என்றாள். அந்தச் சுவரோரம்தான் மகள் படுப்பாள்.

வீடுகளைப் பார்க்க சுரங்க ஆபீசிலிருந்து ஆள் வரப்போவதாகச் செய்தி வந்தது. விரிசல் இருந்தால் எங்கள் பக்கம் வெடிப்பதை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் வெடி வைப்பவர்களில் பாதிப் பேருக்கு வேலை போகுமாம். கண்ணாடிக்காரி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் சுவரைக் காட்டி என் அடுப்பை அணைச்சிடாதே."

அவள் போனதும் அண்ணி கம்பெனி கொடுத்த காலண்டரை எடுத்து விரிசல் மறையும்படி மாட்டினாள்.

வந்தவர் தன்மையான மனிதர். சுவர் சுவராகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தவர் காலண்டரிடம் நின்றார். "ஏம்மா, இந்தத் தெருவுல எல்லாருமே காலண்டரை முழங்கால் உயரத்துலதான் மாட்டுவீங்களா?"

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே தெரு முழுக்க அதையே செய்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"குழந்தை தேதி பார்க்கும் சார்" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்து வந்த அண்ணன் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்து, குனிந்து, காலண்டரைக் கழற்றினான். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிழிந்த துணிகள் தெரிந்தன.

"நான் வைக்கிற வெடிதான் சார். என் பொண்ணு இதுக்குக் கீழதான் தூங்குறா."

அண்ணி "என்னங்க" என்று மட்டும் சொன்னாள்.

"மறுபடியும் அவளுக்கு மாமா ஆயிடுவேன்னு பயமா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதர் ஏற்கெனவே பார்த்த வீடுகளுக்குத் திரும்பிப் போய், காலண்டர்களைத் தாமே கழற்றிப் பார்த்தார்.

எங்கள் பக்கம் வெடிப்பது நின்றது. சுரங்கம் குன்றின் மறுபுறம் நடக்கிறது. கம்பெனிக் கொத்தனார் வந்து விரிசல்களைப் பூசிவிட்டுப் போனார். அண்ணனுக்குக் கல் உடைக்கும் கிரஷரில் வேலை கொடுத்தார்கள். சம்பளம் குறைவு, புருவமெல்லாம் தூசி. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். கண்ணாடிக்காரியின் கணவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத்தால் வந்த அதே பஸ்ஸில் ஏறி வெளியூர் போய்விட்டார். அவள் அண்ணியோடு பேசுவதில்லை. இப்போதும் சங்கு ஊதுகிறது, தூரத்தில் வெடிக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

போன வாரம் அண்ணி தன் வேலையில் பாதியைப் பிரித்து, காலர் தைக்க வேண்டிய துணிகளைக் கட்டி, கண்ணாடிக்காரியிடம் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினாள். அவள் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாங்கிக்கொண்டாள்.

அவள் வீட்டிலும் விரிசலைப் பூசியாகிவிட்டது. காலண்டர் மட்டும் பழைய இடத்திலேயே, முழங்கால் உயரத்தில் தொங்கியது. அவளுடைய சின்ன மகள் அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, அப்பா வரும் தேதியில் விரலை வைத்திருந்தாள்.