என் முகத்துக்கு முன்னால் வைத்த விளக்கு

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, அவர் நினைவாகப் பதக்கம் அடிக்கலாம் என்று சொன்னவர் என் கொழுந்தனார். திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு வருடா வருடம் கொடுப்பதற்கு. பெயர் போடவில்லை. பாத்திரங்களில் வெட்டுவதுபோல வீட்டு விலாசமான முதலெழுத்துகள் மட்டும். அவர் உருவமும் இல்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் நாள் தவறாமல் சோறு போட்ட மனிதர், "கொடுக்குற கைக்கு மூஞ்சி எதுக்கு?" என்று போட்டோவுக்கு நிற்காமல் ஓடுவார். ஆகவே ஒரு பக்கம் கரண்டி பிடித்த கை, அது தருமம். மறுபக்கம் விளக்கின் முன் ஒரு பெண், அது துக்கம்.

துக்கத்துக்கு மாதிரியாக என் பழைய போட்டோவைக் கொடுத்திருக்கிறார் கொழுந்தனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், துக்கத்துக்கு என் மூக்கு பொருந்தாது என்று சொல்லியிருப்பேன். அச்சு வெட்டியவரும் போட்டோவில் உள்ளபடியே வெட்டிவிட்டார். காசளவு பொட்டு, தலை நிறையப் பூ.

ஆண்டு விழாவில் மேடை ஏற மறுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பதக்கம் வாங்கிய பெண் அதைக் கொண்டுவந்து, என் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் அம்மாவிடம் கொடுத்தாள். வெறும் நெற்றியோடு இளைத்துப்போயிருந்த என்னை, பக்கத்து ஊர்க்காரரான அந்த அம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. பதக்கத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பாருங்க, மகராசி. பூவும் பொட்டுமா போய்ச் சேந்துட்டாங்க. வீட்டுக்காரருதான் இன்னமும் சோறு போடுறாரு போல."

எங்கள் பக்கத்தில் படத்துக்கு முன்னால் விளக்கு இருந்தால் அது செத்தவர் படம்தான். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. பாழாய்ப்போன வாய், தானாகக் கேட்டது. "அவரு எப்படி இருக்காராம்?"

"நல்லாத்தான் இருப்பாரு. புண்ணியவான்ல."

அவர் போன பிறகு அவரை உயிரோடு வைத்துப் பேசிய முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

வீட்டில் ஒரு மாதிரிப் பதக்கம் மேசைமேல் கிடக்கிறது. என் முகம் தெரிய இருந்தால் பயமாக இருக்கிறது. திருப்பி வைத்தால், அடுப்படியில் கரண்டி அண்டாவில் இடிக்கிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். யாருமில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் கொழுந்தனார் ஓடிவந்தார்.

"அண்ணி, உயிரோட இருக்கவங்களைப் போயி இப்படிப் பண்ணிட்டோமே. அச்சை அழிச்சுட்டு வேற வெட்டச் சொல்றேன்."

"வேண்டாங்க தம்பி. இருக்கட்டும்."

"பாக்குறவங்க ஒங்களைச் செத்துட்டதால்ல நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். அதுலயாவது ஒங்க அண்ணன் உயிரோட இருக்கட்டும்."