மச்சுக்கு மெத்தை தைத்த ஞானசெல்வி

ஞானசெல்வி 1934இல் தேவதானப்பட்டியில் பிறந்தார். 1958இல் பொன்னுராஜை மணந்து போடிக்கு வந்து, அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆனார். கடைவீதியில் சண்முகராஜின் ஏலக்காய்க் கடைக்கு மேலுள்ள பழைய மாடியில் இருவரும் வாடகைக்கு இருந்தனர். அதற்கு ஓட்டுக்கூரை, ஓட்டின் கீழே உட்கூரையாகப் பலகை மச்சு, மேற்கே மூன்று சன்னல்கள். பொன்னுராஜுக்கு இளைப்பு நோய் உண்டு.

1967 வைகாசியில் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனிக் காற்று மலையிறங்கினால் அந்த மாடி ஆகாது. மதுரையில் ஞானசெல்வியின் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. போனால் ஞானசெல்வி வேலையை விட வேண்டும். அதற்கு முன் வீட்டைச் சரிசெய்து பார்த்துவிடுவதென்று அவர் முடிவு செய்தார்.

தச்சர் வீரணன் சன்னல் கதவுகளைக் கழற்றி இழைத்து, விளிம்பெங்கும் கம்பளிப் பட்டை அடித்தார். ஆனி பிறந்தது. பொன்னுராஜுக்கு இளைப்பும் வந்தது. ஞானசெல்வி மெழுகுவர்த்தியை ஏற்றிச் சன்னல்தோறும் காட்டினார். சுடர் அசையவில்லை.

“சன்னல அடைச்சாச்சு. பெறகு எங்கன இருந்து வருது?”

“காத்துக்கும் ஆஜர் எடுத்துப் பாருங்க டீச்சரம்மா,” என்று சிரித்தார் வீரணன்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை ஞானசெல்வி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஏணி போட்டு ஏறினார். மச்சுப் பலகை இடுக்கருகே சுடர் படுத்து அணைந்தது.

“இந்தா, ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்லிருச்சு!”

மறுநாளே இலவம்பஞ்சு வாங்கி, மச்சின் மேல் அள்ளிப் பரப்பச் செய்தார். காற்று நின்றது. நண்பகல் வெயிலும் கீழே இறங்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் இடுக்குகள் வழியே பஞ்சுத்தூள் உதிர்ந்தது. பொன்னுராஜுக்கு மூச்சே முட்டியது.

“ஒங்க அண்ணனுக்குக் கடுதாசி போட்ருவோம், செல்வி.”

“நாலு நாள் பொறுங்க.”

பொன்னுராஜ் தன் தங்கை ஜெபராணியின் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். ஞானசெல்வி வெறும் கட்டிலையும், அதன்மேல் கிடந்த மெத்தையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் இலவம்பஞ்சுதான். ஒன்பது ஆண்டுகளாகக் கணவர் அதில்தான் படுக்கிறார். ஒருநாளும் அது இளைப்பைக் கொண்டுவந்ததில்லை. ஏன்? ஒரு மூலையை விரலால் நெருடினார். நெருக்கமான நெசவு. தட்டினார், தூள் பறக்கவில்லை.

பரப்பிய பஞ்சு முழுவதும் சாக்குகளில் இறங்கியது. மச்சைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தார். மெத்தைத் துணி வாங்கி, உத்தரங்களின் இடைவெளியை அளந்து, நீண்ட பைகளாகத் தைக்கத் தொடங்கினார். சண்முகராஜ் மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

“மச்சுக்கா மெத்தை? ஒரு தலையணையும் தச்சுருங்க டீச்சரம்மா, நல்லா ஒறங்கட்டும்!”

“ஒறங்கட்டும் அண்ணாச்சி. இத்தன வருசமா அது ஊதிக்கிட்டேதான இருந்துச்சு.”

பஞ்சை அடைத்து வாய் தைத்த பைகள் மச்சின் மேல் உத்தரங்களுக்கிடையே வரிசையாகப் படுத்தன. நான்காம் நாள் மாலை பொன்னுராஜ் திரும்பினார். மேலே காற்று ஓடுகளைத் தடதடவென்று உலுக்கியது. ஞானசெல்வி மச்சருகே மெழுகுவர்த்தியைப் பிடித்தார். சுடர் நிமிர்ந்து நின்றது. ஆயினும் அவர் கவனித்தது சுடரை அன்று, கணவரின் மூச்சை. ஒரு மணி நேரம் ஆயிற்று. விசில் சத்தம் எழவில்லை.

“கடுதாசி எழுதணுமா?” என்றார் ஞானசெல்வி.

“எழுது. ‘நாங்க வரல’ன்னு எழுது.”

அதன்பின் அந்த மாடியில் அவர்கள் வாழ்ந்தது பத்தொன்பது ஆண்டுகள்.