கியூவுக்குப் பின்னால் யூ

அனுராதா டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அதைப் பற்றிக் கவலை கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தனியார் பள்ளிக்கு வருவாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பாள். யாரோடும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் திரும்பிப் போவாள். கூட வேலை பார்ப்பவர்கள் கரும்பலகையில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால்கூடப் பிள்ளைகள் முன்னாலேயே திருத்துவாள். தலைமையாசிரியர் ஞானையா அனுப்பிய ஆங்கிலச் சுற்றறிக்கையைச் சிவப்பு மையால் திருத்தி அவருக்கே அனுப்பி வைத்தவள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆண்டு விழாவில் ஆங்கிலச் சொல் போட்டி வைத்தார்கள். அவள்தான் நடுவர். ஐந்து எழுத்துச் சொல்லாக இருக்க வேண்டும், அதில் கியூ என்ற எழுத்து வர வேண்டும், சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. கடைசியில் மேடையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி செல்லக்கிளி, வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் பிச்சைக்கண்ணுவின் மகள். இன்னொருவன் கணேஷ்ராம்; பள்ளித் தாளாளர் சங்கரசுப்பிரமணியனின் பேரன்.

க்வீன், க்விக், க்வயட், ஈக்வல் என்று மாறி மாறி வந்தது. கணேஷ்ராம் முறை வந்தபோது, "கனாட்" என்றான்.

"எழுத்தச் சொல்லு."

"கியூ, ஏ, என், ஏ, டி."

"கியூவுக்குப் பின்னால யூ வராம ஒரு வார்த்தையா?"

"இருக்கு டீச்சர். பூமிக்கு அடியில தண்ணி போற வாய்க்கால். எங்கப்பா ஈரான்ல பாத்திருக்காங்க."

அனுராதா கையிலிருந்த சிறிய அகராதியைப் புரட்டினாள். இல்லை. "அப்ப ஈரான்ல போய்ச் சொல்லு" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோப்பை செல்லக்கிளிக்குப் போனது. முன்வரிசையில் தாளாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாளே ஆரம்பித்தது. அவள் நாற்காலி ஆசிரியர் அறையிலிருந்து காணாமல் போயிற்று. ஒன்பதாம் வகுப்பைப் பிடுங்கி, ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அவளிடம் திருத்தம் வாங்கியவர்கள் எல்லோரும் இப்போது அவள் வந்ததும் பேச்சை நிறுத்தி, போனதும் சிரித்தார்கள். ஞானையா ஒரு தாளை நீட்டினார்.

"பாரபட்சமா தீர்ப்புச் சொல்லிட்டேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க, டீச்சர். தாளாளர் அவுஹ கோவம் தணிஞ்சிரும்."

"எழுத முடியாது."

"ஒங்க திமிருக்கு நாங்க எல்லாரும் சேந்து அனுபவிக்கணுமா?"

"அனுபவிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்று தாளாளர் முகத்தில் ஆதாரத்தை விட்டெறிய வேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போனாள். தூக்க முடியாத கனத்தில் இருந்த பெரிய அகராதியை மேசையில் கிடத்தி, கியூ பக்கத்தைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பகுதியின் ஆரம்பத்திலேயே இருந்தது. கனாட். பூமிக்கு அடியில் வெட்டிய நீர்வழி.

அந்த மேடையில் பையனின் முகம் சிவந்து போனது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அகராதியை மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். தாளாளர் அந்த வார்த்தையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கூலிக்காரன் மகளுக்குக் கோப்பை போனதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவளாக வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நினைத்துப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும், யாரையும் கேட்காமல் மேடையேறினாள்.

"கணேஷ்ராம் சொன்ன வார்த்தை சரி. தெரியாம நான்தான் இல்லன்னு சொன்னேன். கேலியும் பண்ணினேன். அது தப்பு. போட்டி நின்ன எடத்துலேர்ந்து இப்பவே நடக்கும். செல்லக்கிளி, ஒன் முறை."

பிள்ளைகள் வரிசையிலிருந்து செல்லக்கிளி வந்தாள். கண் நிறைந்திருந்தது. "குடுத்தத புடுங்குதீங்களா, டீச்சர்?"

"வார்த்தை சொல்லு."

"ஸ்க்வாட்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"க்வோட்" என்ற கணேஷ்ராம், அவசரமாக எழுத்துகளையும் சொன்னான். கியூ, யூ, ஓ, டி, ஈ.

"ஈக்வல்!" என்று செல்லக்கிளி கத்தினாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது முன்பே வந்த சொல். பல்லவிபோல் பின்வரிசையிலிருந்து "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று கூச்சல் எழுந்தது.

"கணேஷ்ராம் ஜெயிச்சான்" என்றாள் அனுராதா.

செல்லக்கிளி வகுப்புக்கு ஓடிப்போய், அலமாரியில் வைத்திருந்த கோப்பையை எடுத்து வந்து மேடைமேல் வீசினாள். "இனிமே ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள். அனுராதா கோப்பையை எடுத்து, நசுங்கியபடியே, பையன் கையில் கொடுத்தாள்.

பேரன் ஜெயித்ததில் தாளாளர் குளிர்ந்துவிடுவார் என்று ஞானையா நம்பினார். சங்கரசுப்பிரமணியன் அவளைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், "அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டாச்சுல்லா? எழுதிக் குடுத்துட்டுப் போறது" என்றார்.

"தெரியாம சொன்னேன்னு ஊருக்கு முன்னால சொல்லிட்டேன். வேணும்னு செஞ்சேன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"அப்ப வேற எடம் பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன்."

வழியனுப்ப யாரும் வரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு டுடோரியலில் வேலை கிடைத்தது. அங்கேயும் முதல் வாரத்திலேயே உரிமையாளரின் விளம்பரத் தட்டியில் இருந்த எழுத்துப் பிழையைச் சொல்லிச் சண்டை போட்டாள்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஆழ்வார்திருநகரி போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் பிச்சைக்கண்ணு ஏறினார். அவளைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"இந்தா இருக்காளே இந்தம்மா, இவதான் எம்பிள்ளைக்குக் குடுத்த கப்ப திருப்பிப் புடுங்கினவ! பெரிய எடத்துக்குப் பயந்துக்கிட்டு!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேலை போன கதையை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அண்ணாச்சி, அவள இன்னும் பள்ளிக்கூடம் அனுப்புதீங்களா, நிப்பாட்டிட்டீங்களா?"

"எதுக்கு நிப்பாட்டணும்? பத்தாவது படிக்கா. ஒமக்கு என்ன அதப் பத்தி?" என்று சொல்லிவிட்டு, பிச்சைக்கண்ணு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார்.

பக்கத்தில் இருந்த பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அனுராதா கிடைத்த இடத்தில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடினாள்.