தேயாத இடது பிளேடு

1. மட்டமாகத் தேய்த்த நாள்

ஐஸ் ரிங்க்கில் நான் முதன்முதலாகச் சாணை பிடித்த ஸ்கேட், போட்டுக்கொண்ட ஆளை மல்லாக்கத் தள்ளியது. விழுந்தவர் டீமின் கோச். விழ வைத்தவன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்த நான்.

அதற்கு முன்னால் வளைகுடாவில், ருவைஸ் என்ற ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் லேத்தில் நின்றேன். அங்கே ஆள் குறைத்தபோது, எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, கஃபீல், நடத்திய ஐஸ் ரிங்க்குக்கு என்னை மாற்றினார்கள். "கிரைண்டிங் தெரியுமா?" என்று கேட்டார் மேனேஜர். தெரியும் என்றேன். ரிங்க் எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் டூட்டி. வெளியே ரோட்டில் தார் இளகும் வெயில், உள்ளே நான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன். கேம்ப் ரூமில் இதைச் சொன்னால் ஒருத்தனும் நம்பவில்லை. எனக்குச் 'சாணை' என்று பெயர் வைத்ததுதான் மிச்சம்.

ஸ்கேட் பிளேடை நான் எனக்குத் தெரிந்தபடி தேய்த்தேன். அடிப்பாகம் மட்டமாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று. அப்படி ஒரு ஃபினிஷிங்கை ருவைஸில் கொடுத்திருந்தால் ஃபோர்மேன் தட்டிக்கொடுத்திருப்பார். இங்கே கோச் ஐஸில் கால் வைத்ததும் தடாலென்று விழுந்தார்.

என் கதை முடிந்தது, அடுத்த ஃப்ளைட்டில் ஊருக்குத்தான் என்று நினைத்தேன். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே என் ரூமுக்கு வந்தார். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளேடைத் திருப்பிக் காட்டினார். அவர் பேசியது உடைந்த இங்கிலீஷ், என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"இதுக்கு அடியில நீளமா ஒரு பள்ளம் வேணும். அப்பதான் ரெண்டு பக்கமும் விளிம்பு வரும். நான் நிக்கிறது அந்த விளிம்புலதான். நீ ரெண்டையும் எடுத்துட்ட."

பள்ளம் ஆழமாக இருந்தால் விளிம்பு ஐஸை இறுக்கிப் பிடிக்கும். ஆழம் குறைந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கல்லின் முகத்தை எந்த வளைவில் சீவி வைக்கிறோமோ அதுதான் பள்ளத்தின் அளவு. இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு நமக்கு ஒரு நூல். வளைவின் ஆரம் சின்னதானால் பள்ளம் ஆழம்: மூணு நூல் ஆழமானது, ஆறு நூல் ஆழம் குறைந்தது. கோச்சுக்கு எப்போதும் அஞ்சு நூல்.

2. பின்பக்கமாக ஓடுகிற வேலை

கோச் செக் நாட்டுக்காரர். நாலு நாடுகளில் பதினேழு வருஷம் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவர், முழுக்க டிஃபென்ஸில். ரிட்டயர் ஆன பிறகு எங்கள் டீமுக்குக் கோச்சாக வந்தார். வந்த இடத்தில் ஆடவும் ஆடினார். கான்ட்ராக்டே அப்படித்தான்: சொல்லியும் கொடுக்கணும், ஆடவும் ஆடணும்.

எனக்கோ இந்த ஆட்டத்தில் எதைப் பார்த்தாலும் சந்தேகம். எல்லாரும் முன்னால் ஓட, இவர் மட்டும் ஏன் பாதி நேரம் பின்பக்கமாகவே ஓடுகிறார்? ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"வர்றவன் மூஞ்சியைப் பார்க்கணும்ல? திரும்பி ஓடினா அவன் என்ன பண்ணுவான்னு எப்படித் தெரியும்?"

"நீங்க எத்தனை கோல் போட்டிருக்கீங்க, கோச்?"

"ஒரு சீசனுக்கு ரெண்டு. நல்ல சீசன்னா மூணு."

"அப்ப மிச்ச நேரமெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். கால்சட்டையைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளத்தைக் காட்டினார். பக் என்கிற அந்தக் கெட்டி ரப்பர் வில்லை பட்ட இடம். "இதெல்லாம் கோலுக்குள்ள போக வேண்டியது. நடுவுல நான் நின்னேன்" என்றார்.

அன்றைக்கிருந்து எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

3. விரல் நகம் சொன்னது

சாணைக்கு வரும் ஸ்கேட்டை முதலில் விரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். கூராக இருந்தால் நகம் மாவாக உதிரும். மழுங்கியிருந்தால் சும்மா வழுக்கும். நாலைந்து வருஷம் போனதும், நகத்தில் இழுத்தே இது யார் பிளேடு, ஆள் எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறவர் என்று சொல்ல வந்துவிட்டது. ஸ்கூலில் இப்படி உன்னிப்பாகப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

கோச்சின் பிளேடு இரண்டும் உள்விளிம்பில் ஒன்றுபோலத் தேயும். பின்பக்கமாக ஓடுகிறவர் உதைப்பது அந்த விளிம்பால்தான். ஒரு ரம்ஜான் சமயத்தில் அவருடைய வலது பிளேடு மழுங்கி வந்தது, இடது பிளேடு நகத்தை உதிர்த்தது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. இடது பிளேடில் நான் போட்ட சாணை போட்டபடி இருந்தது.

இடது காலால் அவர் உதைக்கவே இல்லை என்று அர்த்தம். ஐஸில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பதினேழு வருஷ அனுபவம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் பெஞ்சிலிருந்து எழும்போது இடது இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அதை நான் இரண்டு முறை பார்த்தேன்.

ஸ்கேட் கவுன்டரில் இருந்த ரதி அக்காவிடம் மட்டும் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரி, எனக்கு முன்பே அங்கே வேலைக்கு வந்தவர்.

"இதை நீர் என்னட்டச் சொல்லி என்ன செய்யிறது, தம்பி? நேர அவரிட்டக் கேளுமன்."

"எப்படிக்கா கேக்குறது? ஆட முடியலைன்னு வெளியில தெரிஞ்சா கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டாங்க. நம்ம வாயால அவர் வேலை போகணுமா?"

"கேட்டால் ஏன் வெளியால போகுது? சொல்லப்போறது நீர், கேட்கப்போறது அவர் மட்டும்தானே."

அக்கா சொன்னது நியாயம். ஆனாலும் வாய் வரவில்லை. அவர் பெரிய பிளேயர், நான் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். நமக்கெதுக்கு வம்பு என்று இரண்டு மாசம் கழித்துவிட்டேன்.

4. நான் செய்த காரியம்

குவைத்திலிருந்து ஒரு டீம் ஆட வந்தது. அன்று மத்தியானம் கோச் ஸ்கேட்டோடு வந்து நின்றார்.

"வலது எப்பவும்போல. இடது மட்டும் மூணு நூல் வை."

எனக்குப் புரிந்துவிட்டது. உதைக்கப் பலமில்லாத காலுக்கு, பிளேடாவது இறுக்கிப் பிடிக்கட்டும் என்று பார்க்கிறார். பிடித்துக்கொண்ட பிளேடு ஐஸில் நிற்கும்போது, உடம்பு திரும்பினால் முறுக்கு முழுவதும் எங்கே போகும்? அந்த இடுப்புக்குத்தான்.

அப்போதும் கேட்கவில்லை. "சரி கோச்" என்றேன். அவர் போனதும் கல்லை ஆறு நூலுக்குச் சீவி, இடது பிளேடை அதில் ஓடவிட்டேன். பிடிக்காமல் வழுக்கட்டும், இடுப்பு தப்பட்டும் என்பது என் கணக்கு. பிசிறு எடுத்து, துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி அவர் பையில் வைத்தேன். முதல் நாள் தெரியாமல் கெடுத்தேன். இந்தத் தடவை தெரிந்தே கெடுத்தேன்.

வார்ம்-அப்பில் பின்பக்கமாக ஒரு வளைவு எடுத்தார். இடது கால் அவரை விட்டுத் தனியாகப் போயிற்று. கையை ஊன்றி எப்படியோ விழாமல் நிமிர்ந்தார். ரிங்க் ஓரக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு உயிர் போய் வந்தது. வழுக்கினாலும் போவது அதே இடுப்புதான் என்று அப்போதுதான் உறைத்தது. இதைக்கூட யோசிக்கவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

5. நாற்பது செகண்ட்

ஸ்கேட்டோடே ரூமுக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"என்ன பண்ணின?"

"ஆறு நூல் வச்சேன்."

"நான் மூணு சொன்னேன்."

"உங்க இடது பிளேடு தேயவே இல்ல, கோச். ரம்ஜான்ல இருந்து. இடுப்பு போயிடும்னு பயந்துட்டேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரம்ஜான்ல இருந்தா? போன மாசம்தான் வலி வந்ததுன்னு நினைச்சேன்" என்றார். பிறகு இடது ஸ்கேட்டைக் கழற்றி நீட்டினார். "மூணு நூல் வை. என் காலு. முடிவு பண்ண வேண்டியது நான்."

வைத்துக்கொடுத்தேன், சொன்ன அளவில், ஒரு மயிரிழை தப்பாமல்.

மேட்ச் தொடங்கியது. ரதி அக்காவும் கவுன்டரை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஹாக்கியில் ஒரு ஆள் ஒரு தடவை உள்ளே போனால் நாற்பது செகண்ட்போல ஆடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் போவார். கோச் போனார். குவைத் பையன் ஒருவன் வேகமாக ஏறி வந்தான். இவர் அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்கி, மட்டையை நீட்டி, பக்கைத் தட்டிவிட்டார். அவ்வளவு சுத்தமான வேலை. கூட்டம் கைதட்டியது. அவர் இடது இடுப்பைப் பிடித்தபடி நேராக பெஞ்சுக்கு வந்தார். உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து "நீ போ" என்று கை காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் ஐஸில் இறங்கவே இல்லை. பதினேழு வருஷமும் எங்களோடு ஆடிய வருஷங்களும் அந்த நாற்பது செகண்டோடு முடிந்தன. "முடிஞ்சுதெண்டு அவருக்கே விளங்கீட்டுது" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

மேட்ச் முடிந்து சாதாரண ஷூவோடு என் ரூமுக்கு வந்தார். ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்வதாகவும், மேனேஜரிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். கான்ட்ராக்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று.

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும், கோச். மன்னிச்சிருங்க."

"பதினேழு வருஷமா டாக்டருங்க கேட்டாங்க, எங்க வலிக்குதுன்னு. எல்லார்கிட்டயும் பொய்தான் சொன்னேன். நீ கேட்டிருந்தா உன்கிட்டயும் பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றார். எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "ஆனாலும் நீ கேட்டிருக்கணும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. கருவி சொல்வது உங்களுக்குப் புரிந்தால், அதை ஆளிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் கருவியில் கை வைக்காதீர்கள். நான் இப்போது ஸ்கேட்டோடு யார் வந்தாலும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். "உனக்கெதுக்கு அது, யல்லா, சீக்கிரம் வேலையைப் பார்" என்று எரிந்து விழுகிறவர்கள் உண்டு. பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள், பிளேடைப் பார்த்தாலே தெரிகிறது. தெரிந்ததை அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்ட அளவில்தான் சாணை பிடித்துக் கொடுக்கிறேன்.