ஏழு குழி, எட்டுத் திருகு

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த நாளிலிருந்து, ஓய்வு பெற்ற பிறகும், நாள்குறிப்பு எழுதுகிறேன். குளத்தில் எத்தனை படி மூழ்கியது, காலைப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோபத்தை மட்டும் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு வாரம் அந்த விதி உடைந்தது. அந்த ஏழு பக்கங்களையும் இப்போது படித்தாலும் அதே கோபம் வருகிறது.

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில், ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு, என் மனைவி இணையம் வழியாகத் தேவாரம் கற்றுக்கொடுக்கிறாள். மறைமலைநகரிலிருந்து சிங்கப்பூர் வரை பதினாறு பிள்ளைகள். அவள் அப்பா ஓதுவார். அவர் எதிரே உட்கார்ந்து படித்தவர்கள் அவளுடைய அண்ணன்மார்கள். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே காதால் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கென்று கிடைத்த ஒரே இருக்கை அந்தப் பழைய மடிக்கணினியின் முன்னால்தான்.

மூன்று ஞாயிறுகளாகக் குரல் அறுந்து அறுந்து போனது. மூன்றாவது ஞாயிறு, 10.17க்கு, ஒரு பெண்ணின் அம்மா திரையில் வந்து, "மேடம், ரோபோ பாடற மாதிரி கீது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மத்தியானம் அதே அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: அடுத்த வாரமும் இப்படியே என்றால் வேறு வகுப்பு பார்த்துக்கொள்கிறோம். மனைவி அதைச் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை செங்கல்பட்டுக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கும் கடை.

"எத்தினி வருசம் ஆச்சு சார் இது?" என்றார் கடைக்காரர்.

"பதினோரு வருஷம், நாலு மாசம்."

"பொறந்த நாளு கொண்டாடிகினு கீறீங்களா? செத்த பாம்பு சார் இது. தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க."

"போன் அதே ரூம்ல நல்லா ஓடுது. இதுல இருக்கற வைஃபை கார்டுதான் பழசு. அத மட்டும் மாத்திக் குடுங்க."

"அதெல்லாம் போர்டோட ஒட்டிகினு வரும் சார். கழட்டவே முடியாது. அதுவும் உங்க வூட்டாண்ட கடல் காத்து வேற. உள்ள எல்லாம் துரு புடிச்சிருக்கும்."

எங்கள் வீட்டிலிருந்து மாமல்லபுரம் கடல் பதினைந்து கிலோமீட்டர். அந்த மனிதர் மடிக்கணினியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய தேநீர்க் குவளை இன்னொரு செத்த மடிக்கணினியின் மேல் இருந்தது. எங்களுடையதன் அண்ணன், அதே வரிசையில் ஒரு படி மேலான மாதிரி. வழக்கப்படி அதையும் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலையே நிறுவனத்தின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தேன். படத்தோடு இருந்தது: தீப்பெட்டி அளவில் ஒரு கார்டு, ஒரே ஒரு திருகு, இரண்டு மெல்லிய கம்பிகள். கழற்றவே முடியாதாம்! புதன்கிழமை சென்னைக்குப் போய், பழைய மாதிரிக்குப் பொருந்தும் நல்ல கார்டு ஒன்று வாங்கி வந்தேன்.

வியாழன் காலை, மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். மின்கலத்தைக் கழற்றினேன். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியைத் தொட்டேன். திருகுகள் இடம் மாறாமலிருக்கக் குழிப்பணியாரச் சட்டியை எடுத்து வந்தேன்.

"அதுல இரும்பு சாமான் போடாதீங்க. நாளைக்கு அதுல பணியாரம் ஊத்தணும்" என்றாள் மனைவி.

ஏழு குழி. ஏழு திருகு. கணக்கு அவ்வளவு அழகாக முடிந்ததில் நான் வேறெதையும் தேடவில்லை. மூடி மூன்று பக்கம் எழுந்தது, ஒரு மூலை மட்டும் வரவில்லை. காலாவதியான வங்கி அட்டையைச் செருகி நெம்பினேன். டக்கென்று மூலை உடைந்தது.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். மூலையில் ஒரு சின்னக் குழி, அதில் மஞ்சளாக ஏதோ கெட்டித்துப் போயிருந்தது, நடுவில் சிவப்பு. ஊசியால் சுரண்டினேன். சந்தனமும் குங்குமமும். பன்னிரண்டு ஆயுத பூஜைகளின் பொட்டு அடுக்கடுக்காக இறுகி, எட்டாவது திருகை மூடியிருந்தது.

"யாராவது மிஷினோட அடியில பொட்டு வெப்பாங்களா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்கள்.

"மேல வெச்சா மறுநாளே நீங்க துணியெடுத்துத் தொடச்சிட்றீங்க. அதான் உங்க கைக்கு ஆப்டாத எடமா பாத்து வெச்சேன். சூடம் காட்னது யாரு? பக்கத்து வூட்டுக்காரரா?"

நான்தான். ஒவ்வொரு ஆண்டும் நாள்குறிப்பில் நேரத்தோடு இருக்கிறது. எட்டாவது திருகைக் கழற்றினேன்.

பழைய கார்டின் திருகை எடுத்ததும் அது தானாகச் சாய்வாக எழுந்து நின்றது. உள்ளே துரு இல்லை, ஒரு புள்ளிகூட. கறுப்பு, சாம்பல் நிறக் கம்பிகளின் முனையில் கடுகளவு பித்தளைத் தொப்பிகள். புதிய கார்டில் அவற்றை நகத்தால் அழுத்தி உட்கார வைக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. மூடினேன், விசையை அழுத்தினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: அனுமதிக்கப்படாத வயர்லெஸ் கார்டு பொருத்தப்பட்டுள்ளது. அணைத்துவிட்டு அகற்றவும்.

யாருடைய அனுமதி? நான் வாங்கிய பொருள், என் மேசை, என் திருகு. கார்டில் பழுதில்லை, பொருந்தாமலும் இல்லை. நிறுவனத்தின் எண் அதில் இல்லை, அவ்வளவுதான். வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, இன்னாரைத்தான் உள்ளே விடுவேன் என்று பதினோரு வருடம் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் இதைவிட அற்பமான காரணத்துக்காக ஆட்களைத் திருப்பி அனுப்பியவன்தான் நான். அதனால்தானோ என்னவோ, அந்த வரியின் குரல் எனக்கு உடனே புரிந்தது. சாயங்காலம் மனைவியின் கைபேசிக்கு இரண்டு செய்திகள் வந்தன. இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் கையேட்டில் கழிந்தது. நிறுவனம் அனுமதிக்கும் கார்டுகள் இரண்டே. ஒன்று எங்களிடம் இருந்த பழையது. மற்றது மேலான மாதிரியில் மட்டும் வந்தது. நாள்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். திங்கட்கிழமை, தேநீர்க் குவளை.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். "அந்தக் கிளாஸ எடுங்க" என்றேன். என் திருப்புளியாலேயே அவர் கண்ணெதிரே திறந்தேன். நான்கே நிமிடம். கார்டு கையில் வந்தது. சென்னையில் வாங்கியதை அதன் பக்கத்தில் வைத்தேன். ஒரே தயாரிப்பு, ஒரே வகை எண். மேலே ஒட்டியிருந்த சீட்டு மட்டும் வேறு.

"போர்டோட ஒட்டிகினு வரும்னு சொன்னீங்க?"

"சிலதுல அப்டி வரும் சார்."

"இதுல?"

அவர் தேநீரைக் குடித்தார். "இன்னா சார், காலங்காத்தால பேஜாரு பண்றீங்க? எட்த்துகினு போங்க. எனக்கு அது கிளாஸ் வெக்கத்தான்."

அன்று மாலை அந்தக் கார்டைப் பொருத்தினேன், அனுமதி கேட்கும் வரி வரவில்லை. ஞாயிறு காலை மனைவி மடிக்கணினியின் மேல்மூடியில் சின்னதாகச் சந்தனம் வைத்தாள். நான் துணியை எடுக்கவில்லை. முன்னறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 10.17 வந்தது, போனது. குரல் இழுத்த இடத்தில் இழுபட்டு, நிறுத்திய இடத்தில் நின்றது. "மேடம், இன்னிக்கு சூப்பரா கேக்குது" என்றார் அந்த அம்மா.

வகுப்பு முடிந்து மனைவி வெளியே வந்தாள். "நல்லாத்தானே போச்சு? மூஞ்ச ஏன் இப்டி வெச்சிகினு கீறீங்க?"

"நல்லா போச்சு. அதான் கோவம். அந்தக் கடைக்காரர் திருப்பிப் பாத்திருந்தா திங்கக்கிழமையே முடிஞ்சிருக்கும்."

அன்றைய பக்கத்தில் எழுதினேன்: வகுப்பு 10.00 முதல் 11.05 வரை, தடையில்லை. பிள்ளைகள் பதினான்கு.