மரப்பெட்டி ரேடியோவுக்கு வைத்த விலை

என் கணவர் மின்சார ஆபீசில் வேலை பார்த்தவர். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பழைய வால்வு ரேடியோக்களோடுதான் கிடப்பார். எங்கே பழுதான ரேடியோ இருந்தாலும் வாங்கி வந்து, ஈயம் பற்றவைத்துப் பாட வைத்துவிடுவார். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு சுவர் முழுக்க அந்தப் பெட்டிகள்தான். என்னைவிட அவைதான் அவருக்குப் பெரிது என்று கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு ஒரு குறை உண்டு. சொல்லியும் காட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கையில் இருக்கும் வேலையைத் தொடர்வார்.

பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் நின்றவரை ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. பிறகு நான் போனேன். வீட்டில் உதவிக்கு வந்த யாரோ ஒருத்தி என்று நினைத்து, என்னை மரியாதையாக ‘வாங்க, போங்க’ என்று பேச ஆரம்பித்தார். நான் திருத்திப் பார்த்தேன். திருத்தினால் பயந்துபோனார். அதனால் விட்டுவிட்டேன்.

தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்று ஓரிக்கையில் இருக்கும் மகள் தன் வீட்டுக்கு வரச்சொன்னாள். அங்கே எங்களுக்கு ஒரே ஓர் அறை. ரேடியோக்களுக்கு இடமில்லை. பழைய இரும்புக் கடையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆன்லைன் ஏலத்தில் போடலாம் என்று மகள்தான் சொன்னாள். ஒவ்வொன்றையும் துடைத்து, போட்டோ எடுத்து, போனில் ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசர்வ் விலை வைக்க வேண்டுமாம். இதற்குக் கீழே தரமாட்டோம் என்கிற விலை. ஏலம் கேட்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. ஏலம் அதைத் தொடாவிட்டால் நாம் விற்க வேண்டியதில்லை. தொட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

முதல் முறை நான் சொன்ன விலைகளை அப்படியே போட்டாள். ஒன்றுகூட விற்கவில்லை. இரண்டு பேர் கேட்பார்கள், விலை எட்டவில்லை என்று பார்த்ததும் விலகிவிடுவார்கள்.

“நீ உன் மனசுல இருக்கறதுக்கெல்லாம் வெல வெக்கிறம்மா,” என்றாள் மகள். “வாங்க வர்றவங்களுக்கு அது எப்டி தெரியும்?”

இரண்டாம் முறை எல்லாவற்றுக்கும் குறைத்து வைத்தோம். மேல் தட்டில் இருந்த மரப்பெட்டி ரேடியோவுக்கும் சேர்த்துத்தான். எங்களுக்குக் கல்யாணமான வருஷம், கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பாயிடம் அவர் வாங்கியது அது. காலையில் நான் சமைக்கும்போது அதில்தான் பாட்டு வைப்பார். எத்தனையோ பெட்டிகளில் அதுவும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே அதன் விலை ரிசர்வைத் தாண்டிவிட்டது. வேலூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள். பார்சலில் போட்டால் வால்வு உடைந்துவிடும், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

அவள் வருவதாகச் சொன்ன நாள் காலையில் நான் அதைக் கீழே இறக்கித் துடைத்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இத மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்கம்மா,” என்றார் மெதுவாக. “இது என் சம்சாரத்துது. அவங்களுக்காகத்தான் வாங்கினேன். பாட்டு இல்லன்னா அவங்களுக்கு வேலையே ஓடாது.”

துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மகளுக்குப் போன் செய்து, விற்க வேண்டாம் என்றேன். ரிசர்வைத் தாண்டிவிட்டது, அந்தப் பெண் பணமும் கட்டிவிட்டாள், கிளம்பியும் இருப்பாள் என்றாள். நேரில் வந்ததும் நானே கேட்டுப் பார்க்கலாம், எப்படியாவது புரியவைத்துவிடலாம் என்று இருந்தேன்.

மதியம் அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் அவர் எழுந்துவிட்டார். வெகுநாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில்.

“வந்துட்டியா,” என்றார். “எவ்ளோ நேரமா பாத்துக்கினு இருக்கேன். இந்தா, உன்னோடத பத்திரமா வெச்சிருக்கேன்.”

அந்தப் பெட்டியைத் தூக்கி அவளிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாங்காமலே போயிருப்பாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொள் என்று தலையாட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நல்லா இருக்குதுங்க,” என்றாள்.

கார் போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தபோது எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தார். ராத்திரி ரசம் சாதத்தை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, எனக்கு வீட்டுக்குப் போக நேரமாகவில்லையா என்று கேட்டார்.

“இல்லீங்க, இங்கதான் இருக்கப் போறேன்,” என்றேன்.

“இருங்க, இருங்க. தாராளமா இருங்க,” என்றார்.

அடுத்த மாதம் ஓரிக்கைக்கு வந்துவிட்டோம். மிச்சமிருந்த பெட்டிகளுக்கு மகளையே விலை வைக்கச் சொல்லிவிட்டேன். என்ன வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.